எங்க பெட்டியில ஒரு சிவப்பு ஓட்டு

...எந்த ஊருன்னு கேட்டான் தம்பி! என்னைப் பார்த்து! அல்சீத் துர்மெல்லைப் பார்த்து, நம்ம நீலக் கட்சி எம்.எல்.ஏ., "நீங்க எந்த ஊரு?"ங்கறான்! அதுவும் எப்போ? மூணாம் தடவை போயிருக்கேன், அப்போ. முதல் தடவை அவர் இல்லைன்னாங்க. ரெண்டாம் தடவை மீட்டிங்னாங்க. இன்னிக்கு உள்ள விட்டாங்க. எப்படி விட்டாங்க? வாசல்ல உக்காந்திருக்கற பொண்ணு ஒரு அட்டைய நீட்டறா. நம்பர்! கசாப்புக் கடையில குடுப்பாங்களே, அந்த மாதிரி. "உக்காருங்க, கூப்பிடுவோம்." பாவாடை முழங்காலுக்கு ஒரு சாண் மேல. நகத்துல சாயம். சூயிங் கம் வேற.

நகருங்க கொஞ்சம், தொப்பிய இங்க வெச்சுக்கறேன். நீங்களும் பஸ்ஸுக்குத்தானே? எங்க, மொன்றியாலுக்கா? நான் சேன்-ஃபுல்பேர் பஸ்ஸுக்கு. அது எப்பவுமே லேட்டு. முன்னெல்லாம் டிரைவர் எங்க ஆளு, நான் வர்ற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டான். இப்ப கம்பெனி மாறிடுச்சு, யூனிஃபார்ம் போட்டவன் ஒருத்தன் வர்றான், குட் மார்னிங் கூடக் கிடையாது. ஏம்மா, இங்க ஒரு காபி! தம்பிக்கும் ஒண்ணு. வேண்டாமா? அட, குடிங்க. நவம்பர் குளிரு, வெளியில நின்னா மூக்கு விழுந்துடும்.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. தெரிய நியாயமில்லை, நீங்க வெளியூரு. ஆனா எம்.எல்.ஏ.வுக்குத் தெரிய வேண்டாமா? சேன்-ஃபுல்பேர்ல கட்சின்னா நான்தான். ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது. என் வீட்டு அடுப்படிதான் ஆபீஸ். போன எம்.எல்.ஏ., அதுக்கு முன்னாடி இருந்தவரு, எல்லாரும் அந்த அடுப்படியில உக்காந்து பட்டாணி சூப்பு குடிச்சவங்க. கட்சித் தலைவர், அப்ப முதலமைச்சர், அவரு கூட ஒருதடவை வந்திருக்காரு. "அல்சீத், உன் பொண்டாட்டி சூப்புக்காகவே உங்க ஊருக்குப் பாலம் குடுக்கலாம்யா"ன்னாரு. குடுத்தாரு! இன்னமும் நிக்குது, போய்ப் பாருங்க.

அப்பல்லாம் எப்படி நடக்கும் தெரியுமா? ஒருத்தனுக்கு வீட்டு வாசல் வரைக்கும் ரோட்டுல ஜல்லி வேணும். என்கிட்ட வருவான். தொப்பியக் கையில எடுத்துக்கிட்டு, பூட்ஸைத் துடைச்சுட்டு, கதவு பக்கத்துல நிப்பான். நான் உக்காருன்னு சொன்னாத்தான் உக்காருவான். "துர்மெல் ஐயா, சேறு தாங்கலை"ம்பான். நான் யோசிப்பேன். பைப்பு பத்த வெப்பேன். அப்புறம் ஒரு போன். அவ்வளவுதான்! அடுத்த வாரம் லாரி வந்து நிக்கும். அவன் பொண்டாட்டி ஒரு கோழியக் கொண்டாந்து குடுப்பா. மாதா கோயில்ல பூசை முடிஞ்சு வெளிய வந்தா, படிக்கட்டுல ஊரே எனக்கு வழி விடும். நன்றின்னு ஒண்ணு இருந்துச்சு தம்பி, உலகத்துல.

இப்ப? ஆஸ்பத்திரிக்குப் போ, வைத்தியம் பாரு, எழுந்து வா. யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாம்! அரசாங்கம் கட்டுதாம். அரசாங்கம்னா யாரு? மூஞ்சி இருக்கா அதுக்கு? முன்னாடி ஒருத்தன் ஆஸ்பத்திரி பில்லு கட்ட முடியாம என் முன்னாடி அழுவான். நான் எம்.எல்.ஏ.கிட்டச் சொல்லுவேன், அவரு ஆஸ்பத்திரிய நடத்தற மதர் சுப்பீரியர்கிட்டச் சொல்லுவாரு. அவன் சாகற வரைக்கும் மறக்க மாட்டான். இப்ப அதே ஆளு குடலிறக்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, விசிலடிச்சுக்கிட்டே என் வாசலைத் தாண்டிப் போறான். தலைய ஆட்டறான், அவ்வளவுதான். குடலை உள்ள தள்ளி வெச்சவங்க, கூடவே நன்றியையும் எங்கயோ தள்ளிட்டாங்க.

ஃபாதரும் மாறிட்டாரு. பழைய ஃபாதர் செத்துப்போனாரு, பாவம், நல்லவேளை. அவரு எப்படி இருப்பாரு! தேர்தலுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல பேரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வானத்தைக் காட்டி, "பிள்ளைகளே, மாதாவோட அங்கி என்ன நிறம்?"ம்பாரு. போதாதா? இப்ப வந்திருக்கறவரு கிதார் வாசிக்கறாரு. பூசைய நம்ம பாஷையில சொல்றாரு, அதனால அவரு சொல்றது புரிஞ்சு தொலைக்குது. சிஸ்டருங்க முக்காட்டைக் கழட்டிட்டு கார் ஓட்டறாங்க. ஒரு சிஸ்டர் மடத்தை விட்டே போயி இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டைக் கட்டிக்கிட்டா!

என்ன... என்ன வேலையா எம்.எல்.ஏ.வப் பார்க்கப் போனேன்னா? நல்லாக் கேட்டீங்க. சின்ன வேலை. ஒரே ஒரு போன்ல முடியற வேலை. இங்க டவுன்ல புதுசா ஒரு பெரிய பள்ளிக்கூடம் கட்டியிருக்காங்க பாருங்க, ஜெயில் மாதிரி, ஜன்னலே திறக்காது, அது. நாலா பக்கத்து ஊர் பிள்ளைங்களையும் மஞ்சள் பஸ்ஸுல அள்ளிக்கிட்டு வந்து கொட்டறாங்களே. அந்தப் பள்ளிக்கூடத்து சமையல்கட்டுல ஒரு பொம்பளை வேலை பாக்கறா. அவளை வேலையிலேர்ந்து எடுக்கணும். அவ்வளவுதான்.

யாரா? என் பொண்டாட்டிதான்.

அப்படிப் பாக்காதீங்க. நான் என்ன கெட்டதா கேட்டேன்? வேலை போனா வீட்டுக்கு வருவா. அதுதானே முறை? போன வருஷம் நம்ம கட்சி திரும்ப ஜெயிச்சப்ப, ராத்திரி ரேடியோ முன்னாடி நான் அழுதுட்டேன் தம்பி, சத்தியமா. ஆறு வருஷம் சிவப்புக் கட்சிப் பசங்க ஆட்சியில உக்காந்து எல்லாத்தையும் தலைகீழாக்கினாங்க, இனிமே நம்ம ஆட்சி, எல்லாம் பழையபடி ஆயிடும், ஒரு போன் போதும்னு நெனச்சேன். இன்னிக்கு இந்த எம்.எல்.ஏ., வக்கீல் பையன், நம்ம நீலக் கட்சிக்காரன், என்ன சொல்றான் தெரியுமா? "துர்மெல் ஐயா, சமையல்கட்டு வேலைக்குப் பரீட்சை வெச்சு எடுக்கறாங்க. யூனியன் இருக்கு. மந்திரியே சொன்னாலும் எடுக்க முடியாது." நான் சொன்னேன், "அவ என் சம்மதமில்லாம கையெழுத்துப் போட்டுட்டாய்யா." அதுக்கு அவன், "இப்ப புருஷன் சம்மதம் தேவையில்லையே, சட்டம் மாறி மூணு வருஷம் ஆச்சே"ங்கறான். சிரிச்சுக்கிட்டே! "உங்க மனைவிக்கு வயசான காலத்துல பென்ஷன் வரும், சந்தோஷப்படுங்க"ங்கறான். எழுந்து கை குடுத்தான். காலண்டர் ஒண்ணும் குடுத்தான். நம்ம ஆளுங்களே இப்படி ஆயிட்டா சிவப்புக்காரனை என்ன சொல்றது?

பிளாந்தீன்னு பேரு அவளுக்கு. வாயில்லாப் பூச்சி. அதாவது, அப்படித்தான் நெனச்சேன்.

இது எங்கேர்ந்து ஆரம்பிச்சுதுன்னு சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். காபி ஆறுது, குடிங்க. உங்க பஸ் வந்தா ஹார்ன் அடிப்பான்.

எங்க வாக்குச்சாவடி இருக்கே, அது என் கோட்டை. தலைவர் முதமுதல்ல ஜெயிச்சப்ப பெட்டியத் திறந்தா அத்தனையும் நீலம். ஒரு ஓட்டு வெளிய போகலை. எம்.எல்.ஏ. என் முதுகுல தட்டி, "உன் பெட்டிய மாலை போட்டு மாட்டி வைக்கணும்யா"ன்னாரு. அப்புறம் பொம்பளைங்களுக்கும் ஓட்டுக் குடுத்தாங்க. யுத்தம் முடியறதுக்கு முந்தின வருஷம் தேர்தல். பெட்டியத் திறக்கறோம். நீலம், நீலம், நீலம்... நடுவுல ஒரு சிவப்பு.

ஒண்ணே ஒண்ணு!

வெள்ளைச் சட்டையில மை தெறிச்ச மாதிரி. மத்த ஊர்லெல்லாம் பாதிப் பாதி சிவப்பு விழுது, அவங்களை யாரும் கேக்கலை. என்னை எம்.எல்.ஏ. கூப்பிட்டு, "யாருய்யா அது?"ங்கறாரு. அடுத்த தேர்தல், மறுபடியும் ஒண்ணு. அதுக்கடுத்த தேர்தல், அதே ஒண்ணு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிடிவாதமா ஒருத்தன் வந்து எனக்குன்னே போட்டுட்டுப் போறான்!

ராத்திரி தூக்கம் வராது எனக்கு. வீடு வீடா யோசிப்பேன். பிளாந்தீன்கிட்டயே கேட்டிருக்கேன், "யாரா இருக்கும்?"னு. அவ உருளைக்கிழங்கு தோல் சீவிக்கிட்டே, "எனக்கென்ன தெரியும்"ம்பா.

கடைசியில கண்டுபிடிச்சேன். ஃபிலியாஸ் வெஸினா. ஏழாம் வரிசையில, எங்க ஊர்ல பண்ணை ரோட்டை வரிசைன்னுதான் சொல்லுவோம், அதுல கடைசி வீடு அவனோடது, அதுக்கப்புறம் காடுதான். எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, அவன் பட்டணத்துப் பேப்பர் வரவழைச்சுப் படிப்பான். கோயில் படிக்கட்டுல எல்லாரும் எனக்கு வணக்கம் சொன்னப்புறம்தான் சொல்லுவான். நான் ஜோக் சொன்னா சிரிக்க மாட்டான். வேற என்ன சாட்சி வேணும்?

அவனுக்கு நான் ஒண்ணும் பண்ணலை. அதை நல்லாக் கேட்டுக்கோங்க. அடிச்சேனா? திட்டினேனா? ஒண்ணும் *பண்ணலை*, அவ்வளவுதான். ஏழாம் வரிசைக்கு ஜல்லி வந்துச்சு, அவனுக்கு முந்தின வீட்டு வாசலோட லாரி நின்னுடுச்சு. கரண்ட்டு வந்துச்சு, அதே இடத்துல கடைசிக் கம்பம் நட்டாங்க. அங்கேர்ந்து பார்த்தா அவன் வீடு தெரியும், மண்ணெண்ணெய் விளக்கு. ஊரே ரேடியோ வெச்சு, சாயந்திரம் ஏழு மணிக்கு முழங்கால் போட்டு ஆயரோட செபமாலை சொல்லும்போது அவன் வீட்டுல மட்டும் ரேடியோ கிடையாது. நல்லா இருக்கட்டும்னு விட்டேன்.

வந்தான் ஒரு நாள். தொப்பியக் கையில வெச்சுக்கிட்டு வந்தான். உக்காருன்னு நான் சொல்லலை. "அல்சீத், நான் சிவப்புக்குப் போடலை. எங்கப்பா நீலம், நான் நீலம். வேணும்னா சத்தியம் பண்றேன்"னு சொல்லி, சுவத்துல மாட்டியிருந்த சிலுவைய எடுத்துக் கையில பிடிச்சுக்கிட்டு சத்தியம் பண்ணினான். அடுப்புக்கிட்ட டமார்னு சத்தம். பிளாந்தீன் கரண்டியக் கீழ போட்டுட்டா. நான் சொன்னேன், "சிவப்புக்காரனுக்கு ஓட்டு ஒரு பக்கம், சத்தியம் ஒரு பக்கம்." நல்லா சொன்னேன்ல? ஊரெல்லாம் சிரிச்சாங்க அதுக்கு. அவன் சிலுவைய ஆணியில மாட்டிட்டு, கோணலா மாட்டிட்டோமேன்னு நேராக்கிட்டுப் போனான்.

அன்னிக்குச் சாப்பிடும்போது பிளாந்தீன் சொன்னா, "ஃபிலியாஸ் இல்லைங்க அது." "உனக்கெப்படித் தெரியும்?" "தெரியும்." "பொம்பளைக்கு அரசியல் என்னடி தெரியும், சூப்ப ஊத்து"ன்னேன். ஊத்தினா.

அப்புறம் அந்த ஏப்ரல்... பனி உருகுற மாசம், ரோடெல்லாம் கூழு. ஃபிலியாஸ் பொண்டாட்டிக்குப் பிரசவம். மதியம் அவனோட மூத்த பொண்ணு ஓடி வந்து பிளாந்தீனைக் கூட்டிட்டுப் போச்சு. டாக்டருக்குச் சொல்லியாச்சு, காரும் வந்துச்சு. எதுவரைக்கும்? ஜல்லி முடியற வரைக்கும். அதுக்கப்புறம் அச்சு வரைக்கும் சேத்துல இறங்கிடுச்சு. டாக்டர் குண்டு மனுஷன். பையத் தூக்கிக்கிட்டு, சேத்துல ஒரு பூட்ஸைப் பறிகுடுத்துட்டு நடந்து போனாரு. போய்ச் சேர்றதுக்குள்ள ரத்தமெல்லாம் போயிடுச்சு. குழந்தை பிழைச்சுது. அவ போயிட்டா.

விதி. டாக்டர் முன்னாடியே கிளம்பியிருக்கணும். எட்டாவது பிள்ளை அவளுக்கு, உடம்புல என்ன தெம்பு இருக்கும்? இதுக்கெல்லாம் ஜல்லியா பொறுப்பு? நான் கேக்கறேன்.

பிளாந்தீன் இருட்டறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்தா. முழங்கால் வரைக்கும் சேறு. கை... கையக் கழுவலை அவ. என்னைப் பார்த்தா. தண்ணி சுட வெச்சு, முழங்கால் போட்டு அடுப்படித் தரைய முழுக்கத் தேய்ச்சா. அழுக்கே இல்லாத தரை. நான் பைப்பு குடிச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஃபிலியாஸ் மாட்டையெல்லாம் வித்துட்டு, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மொன்றியால் போயிட்டான். ஏதோ ஃபேக்டரி. வீட்டை வாங்க ஆளில்லை, பூட்டிட்டுப் போனான். சரி, சனியன் விட்டதுன்னு இருந்தேன்.

அறுபதாம் வருஷம் தேர்தல் வந்துச்சு. நாட்டுல நாங்க தோத்தோம். அது உங்களுக்கே தெரியும். ஆனா என் பெட்டி? தலைவர் செத்துப் போயிட்டாரு, ஊரெல்லாம் மாறுது, அப்பவும் என் பெட்டி அசையலை! எண்ண எண்ண நீலம். எனக்கு நெஞ்சு விம்முது. முழுப் பெட்டியும் நீலம், அந்த ஒருத்தன் ஒழிஞ்சான்னு நெனைக்கறேன், எண்ணறவன் ஒரு சீட்டைப் பிரிச்சுட்டு என்னை நிமிர்ந்து பாக்கறான்.

சிவப்பு.

ஒண்ணே ஒண்ணு.

வீட்டுக்கு வந்து தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன். ஆட்சி போன வருத்தம் கூட அப்புறம்தான். ஃபிலியாஸ் ஊர்லயே இல்லையே! அப்ப யாரு? போஸ்ட் மாஸ்டரா? மணியடிக்கறவனா? ஒவ்வொரு பேரா சொல்லிக்கிட்டே இருக்கேன். பிளாந்தீன் உருளைக்கிழங்கைக் கீழ வெச்சா. கத்தியத் துடைச்சா. "தேடாதீங்க. நான்தான்"னா.

நான் சிரிச்சேன் தம்பி. ஜோக்குன்னு நெனச்சேன். அவ ஜோக்கே சொல்ல மாட்டா, ஆனாலும்.

"முதல் தேர்தல்லேர்ந்து நான்தான்"னா.

"ஏண்டி? சிவப்புக்காரன் உனக்கு என்ன குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கலை. சிவப்பும் எனக்கு ஒண்ணுதான், நீலமும் ஒண்ணுதான். அந்தத் திரைக்குப் பின்னாடி போனா அங்க நீங்க இல்லை. நாலு வருஷத்துக்கு ஒருதடவை, அரை நிமிஷம், நீங்க இல்லாத ஒரு இடம். அங்க நான் நெனச்சதைப் பண்ணினேன்."

இது ஒரு காரணமா? நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க, சொல்லுங்க, இதுக்குப் பேரு அரசியலா?

"அப்ப ஃபிலியாஸ் விஷயத்துல ஏன் வாயத் திறக்கலை?"ன்னேன். "திறந்தேனே. ஃபிலியாஸ் இல்லைன்னேனே"ங்கறா. "நீதான்னு சொல்லலையே!" "சொல்லியிருந்தா என்னை என்ன பண்ணியிருப்பீங்க?" என்ன பண்ணியிருப்பேன்? ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன். சும்மா... சரி, ஏதோ பண்ணியிருப்பேன். அதை விடுங்க. அவ சொல்றா, "பயந்துக்கிட்டு இருந்தேன். லூசியேன் சாவுல பாதி உங்களுது, பாதி என்னுது. என் பாதிய நான் தினம் தூக்கிக்கிட்டுத்தான் நடக்கறேன். உங்க பாதி எங்க இருக்குன்னு நீங்களே தேடிப் பாருங்க." லூசியேன்கறது ஃபிலியாஸ் பொண்டாட்டி பேரு.

அதுக்கப்புறம் ஆறு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். "உப்பு." "கதவு." "மழை." இவ்வளவுதான் பேச்சு. ஊருக்குத் தெரியாது. எப்படிச் சொல்றது? என் கோட்டையில ஓட்டை என் அடுப்படியிலேயேன்னு சொல்றதா?

கரண்ட்டெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டதும் ஒரு கூத்து நடந்துச்சு, கேளுங்க. கண்ணாடி போட்ட இன்ஜினியர் ஒருத்தன் வந்து ஏழாம் வரிசையில கம்பம் நடறான். கடைசி வீடு வரைக்கும்! நான் போய், "ஐயா, அது காலி வீடு. அதுவும் அவன்..."னு ஆரம்பிச்சேன். "மேப்புல வீடு இருக்கு, கம்பி போகும். யார் வீடுன்னு மேப்புல போடலை"ங்கறான். ஆளில்லாத வீட்டு வாசல்ல தெருவிளக்கு! தினம் சாயந்திரம் பளிச்சுனு எரியுது. கூரையில பாதி விழுந்தாச்சு, முன் வாசல்ல முள்ளு மொளைச்சிருக்கு, வெளிச்சம் மட்டும் கல்யாண வீடு மாதிரி. இதுக்குப் பேரு திட்டமாம்! முன்னேற்றமாம்! பிளாந்தீன் ஜன்னல்கிட்ட நின்னு அதையே பாத்துக்கிட்டு இருப்பா. நான் திரைய இழுத்து விடுவேன். அவ திறப்பா.

போன வருஷம் பெரிய பள்ளிக்கூடம் திறந்தாங்க. ஒரு நாள் காலையில அவ கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கறா. "எங்க?" "பரீட்சைக்கு." "என்ன பரீட்சை?" "சமையல்." இருபத்தொன்பது வருஷமா எனக்குச் சமைச்சவ பரீட்சை எழுதப் போறாளாம்! முதல் ஆளா வந்துட்டா, அது வேற. வாரத்துக்கு அஞ்சு நாள் டவுன்ல ஒரு விதவையம்மா வீட்டு மாடியில ரூம். சனி, ஞாயிறு வந்துக்கிட்டு இருந்தா. அப்புறம் ஞாயிறு மட்டும். ஈஸ்டருக்கப்புறம் அதுவும் இல்லை. நான் முட்டைய வேக வெச்சுத் தின்னுக்கிட்டு இருக்கேன். முட்டை வேகறதுக்கு எவ்வளவு நேரம்னு யாரும் எனக்குச் சொல்லித் தரலை.

போன செவ்வாய்க்கிழமை நானே போனேன் அங்க. ஆமா, நேராப் பள்ளிக்கூடத்துக்கே. என்ன சத்தம், எவ்வளவு பிள்ளைங்க! தட்டு எடுத்துக்கிட்டு வரிசையில நிக்கணுமாம். நின்னேன். எனக்கு முன்னாடியும் பின்னாடியும் விடலைங்க, தலைமுடி காதை மூடியிருக்கு, என்னைப் பார்த்துச் சிரிக்குதுங்க. கண்ணாடிக்குப் பின்னாடி அவ. வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கோட்டு. பக்கத்துல நிக்கற பொம்பளைங்களோட ஏதோ பேசிக்கிட்டு... சிரிக்கறா தம்பி. தலையப் பின்னாடி சாய்ச்சு. அவளுக்குக் கடைவாய்ல ஒரு பல் இல்லைங்கறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

என் முறை வந்துச்சு. குனிஞ்சபடியே, "சூப்பா, கறியா?"ங்கறா. "பிளாந்தீன், நான்தான்"னேன். நிமிர்ந்தா. பார்த்தா. "சூப்பா, கறியா? பின்னாடி பிள்ளைங்க நிக்குது." சூப்புன்னேன். ஊத்தினா. "அடுத்தது!"ன்னா. அடுத்தது! கட்டின புருஷனை! அவ எனக்குப் பின்னாடி நின்ன பையனுக்கு ரெண்டு கரண்டி ஊத்தினதையும் பார்த்தேன்.

அதே சூப்புதான். அதே ருசி. பாலம் வாங்கின சூப்பு. அங்க உக்காந்து குடிச்சுட்டேன், என்ன பண்றது.

வேலை முடிஞ்சு வந்து எதிர்ல உக்காந்தா. கையத் துடைச்சுக்கிட்டே, "என்ன?"ன்னா. "வீட்டுக்கு வா"ன்னேன். அவ யோசிச்சா. என்னை மாதிரியே, அவசரப்படாம. பைப்புதான் இல்லை. அப்புறம் சொல்றா: "மொன்றியால்ல சேன்-ஆன்ரி பக்கம், ரயில் தண்டவாளத்தை ஒட்டின தெரு, கோயிலுக்கு எதிர்ல மூணாம் மாடி. ஃபிலியாஸ் அங்கதான் இருக்கான். நான் போன மாசம் போயிட்டு வந்தேன். நான் யாருன்னு, என்ன பண்ணினேன்னு சொன்னேன். கதவைச் சாத்தினான். படியில உக்காந்தேன். சாயந்திரம் திறந்து டீ குடுத்தான். நீங்களும் போயிட்டு வாங்க. அப்புறம் வீட்டைப் பத்திப் பேசலாம்."

நான் ஏன் போகணும்? சொல்லுங்க. அவன் யாரு எனக்கு? நான் எத்தனை பேருக்கு ரோடு போட்டிருக்கேன், எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் குடுத்திருக்கேன்! வாழ்க்கையில ஒருத்தன் வாசல்ல போய் நான் நின்னதில்லை. எல்லாரும் என் வாசலுக்கு வந்தவங்க. எம்.எல்.ஏ.கிட்ட வந்தது வேற, அது கட்சி விஷயம். மூணு தடவை இல்லை, முப்பது தடவை வருவேன். ஆனா அந்த ஆளு வீட்டு மூணாம் மாடி ஏறி... என்னன்னு சொல்றது?

என்ன சொன்னீங்க? இல்ல, சத்தமா சொல்லுங்க. "அப்ப அந்த ஃபிலியாஸ் யாருக்குத்தான் ஓட்டுப் போட்டான்"னா கேட்டீங்க?

...

எண்ணிப் பாருங்களேன். பெட்டி பூரா நீலம். ஒண்ணே ஒண்ணு சிவப்பு, அது அவ போட்டது. மீதி? மீதியில அவனோடது இருக்கணும்ல? எல்லாத் தேர்தல்லயும். ஜல்லி அவன் வாசலுக்கு வராம நின்னப்பவும். கம்பம் நின்னப்பவும். கடைசியா அவன் போட்டது எப்பன்னா, அந்த ஏப்ரலுக்கு முந்தின தேர்தல். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்துல சட்டையப் போட்டுக்கிட்டு, அந்தச் சேத்துல பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு நடந்து வந்து, எனக்குப் போட்டுட்டுப் போயிருக்காங்க ரெண்டு பேரும். எனக்கு! வரிசையில நின்னப்ப நான் அவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அவன் உள்ள போய் எனக்குப் போட்டிருக்கான். முட்டாள்! அடிமுட்டாள்! கொஞ்சமாவது ரோஷம் இருக்கற மனுஷனா இருந்தா ஒருதடவையாவது சிவப்புக்குப் போட்டிருக்க மாட்டானா? ஒருதடவை போட்டிருந்தா பெட்டியில ரெண்டு விழுந்திருக்கும், எனக்கும் புரிஞ்சிருக்கும், அவனும்... அவளும்...

இந்தக் காபி என்ன காபி! கழுவின தண்ணி. முன்னெல்லாம் இந்தக் கடையில...

எழுந்திரிக்கறீங்க? ஹார்னா? எனக்குக் கேக்கலையே. ஓ, மொன்றியால் வண்டி. சரி சரி, பெட்டிய எடுத்துக்கோங்க. கையெல்லாம் குடுக்க வேண்டாம். போங்க. நீங்க நல்லவரு, நடுவுல பேசாம கேட்டீங்க. இப்பத்து ஆளுங்களுக்கு அந்தப் பொறுமை ஏது...

தம்பி! ஒரு நிமிஷம். அந்த வண்டி சேன்-ஆன்ரி பக்கம் நிக்குமா? இறங்கி வேற பஸ் பிடிக்கணுமா? இல்ல, சும்மா கேட்டேன். டிரைவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்! எனக்கு முழங்கால் ஓட விடாது. ஏம்மா, காசு மேஜை மேல இருக்கு, மீதிய நீயே வெச்சுக்கோ! சேன்-ஃபுல்பேர் வண்டி வந்தா துர்மெல் வரலைன்னு சொல்லிடு. எந்தத் துர்மெல்லுன்னு கேட்டா... கேக்க மாட்டான், சொல்லிடு.

அட, கைய நீட்டுங்க, படி உயரமா இருக்கு. என்ன படி வெச்சிருக்கான், கிழவங்க ஏற வேண்டாமா இதுல? உஷ்... அப்பாடா. நகருங்க, ஜன்னல் பக்கம் நான் உக்காந்துக்கறேன், எனக்குக் காத்து வேணும். நீங்க ஒண்ணும் தப்பா நெனைக்காதீங்க. நான் மன்னிப்புக் கேக்கறதுக்கெல்லாம் போகலை, அதெல்லாம் என்கிட்ட நடக்காது. அந்த மடையன் மூஞ்சிக்கு நேரா நின்னு, ஏண்டா எங்களுக்கே போட்டேன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கணும். கதவைச் சாத்தினான்னா படியில உக்காந்துக்கறேன். எவ்வளவு நேரம் சாத்தி வெப்பான், பாத்துடறேன்.